இவானில்டோவின் வலது கை

அந்தக் கோட்டு இவானில்டோவுக்குச் சேரவே இல்லை. ஊழியக்காரி ஜந்திராவின் இறந்துபோன கணவர் சபையில் மூப்பராக நின்று காணிக்கைப் பை ஏந்திய காலத்துக் கோட்டு. மனிதர் நல்ல வாட்டசாட்டம். இவனோ ஒட்டிப்போன ஆள். தோள்பட்டை பாதிக் கை வரைக்கும் இறங்கிவிட்டது. காலணியும் செத்துப்போனவருடையதுதான். நுனியில் பழைய துணியைத் திணித்திருந்தும் நடக்கும்போது குதிகாலை விட்டுக் கழன்று சப்தம் போட்டது. ஆனால் குடிசைகள் அடுக்கிய காஜூக் குன்றில் ஒருவன் இரட்சிக்கப்பட்டவன் என்றால் கோட்டும் டையும் கையில் பைபிளுமாகத்தான் நிற்க வேண்டும். எவ்வளவு வெயில் கொளுத்தினாலும் அதுதான் வழக்கம். அரைக்கால் சட்டை போட்ட விசுவாசியை அங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அவனுடைய அம்மா சொராய்தே சபையின் தகரக் கதவோரம் நின்றாள். உள்ளே வரவில்லை. அவள் கத்தோலிக்கப் பெண். கழுத்தில் ஜெபமாலை, வீட்டில் மாதாவின் முன்னால் அணையாத விளக்கு. மகன் உயிருக்காக மட்டுமே, மாதாவை வணங்காத, சிலுவை போடாத இந்தத் தகரக் கூரைச் சபையின் வாசலை மிதித்திருந்தாள்.

"வலது கையில பைபிளப் புடிடா," என்றாள். "கெட்டியாப் புடி. என்ன சத்தம் கேட்டாலும் விடாத. பழக்க தோஷத்துல சிலுவை கிலுவை போட்டுத் தொலைச்சேன்னா அங்கயே உன் கதை முடிஞ்சுது."

"சரிம்மா."

"நாலு வயசுல நான்தான் அந்தக் கையப் புடிச்சுச் சொல்லிக் கொடுத்தேன். இன்னிக்கு ஒருநாள் அத மறந்துடு. மாதா கோச்சுக்க மாட்டா, நான் பேசிக்கிறேன்."

ஜந்திராவுக்கு வேறு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். இன்றைக்கு வரவில்லை. அவள் இந்தக் குன்றிலேயே பிறந்து, குன்றிலேயே ஊழியம் செய்கிறவள். ஊர் அவளைச் சிஸ்டர் என்று கூப்பிடும். பாஸ்டர் ஒருவர் இருக்கிறார்தான். கீழே டவுனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவார். காலையில் விஷயம் காதுக்குப் போனதும் தன் போனை அணைத்து வைத்துவிட்டார், புண்ணியவான்.

விஷயம் இதுதான். குன்றின் பெரிய கை ஜிலோ. ஜிலோ என்பது அந்த ஊரில் விற்கிற ஒரு கசப்புக் காய். அவன் குணத்துக்குத் தகுந்த பட்டப்பெயர். போதைப்பொருள் வியாபாரம், துப்பாக்கிப் படை, பஞ்சாயத்து எல்லாம் அவனிடம்தான். இவானில்டோ அவனிடம் காவல் பார்த்தவன். போலீஸ் குன்றேறி வந்தால் வாணம் விட்டு மேலே உள்ளவர்களை உஷார் செய்வது அவன் வேலை. கார்னிவல் முடிந்த கையோடு ஒருநாள் போலீஸ் வந்தது. வாணம் வெடிக்கவில்லை. இவானில்டோ ஒரு பெண்ணின் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அன்றைக்குப் படிக்கட்டில் குண்டடிபட்டுச் செத்தவன் ஜிலோவின் கூடப்பிறந்த தம்பி ரெனான்.

இவானில்டோ நேரே ஓடி வந்து சபையின் பின்வாசலில் நுழைந்து முழங்கால் போட்டான். குன்றில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. மெய்யாகவே மனந்திரும்பி இரட்சிக்கப்பட்டவனைப் படை தொடாது. அவன் செய்த பழைய குற்றம் அதோடு போயிற்று. ஆனால் உயிருக்குப் பயந்து பைபிளைத் தூக்கியவன், வேஷக்காரன், பிடிபட்டால் அவனுக்குச் சாவு சாதாரணமாக வராது. எது நிஜம், எது வேஷம் என்று யார் சொல்வது? ஜந்திரா சொல்வாள். அவள் சொன்னால் ஜிலோ மறுபேச்சு பேசமாட்டான்.

ஈஸ்டர் வரைக்கும் பொறுத்திருந்த ஜிலோ இன்று காலை ஆள் அனுப்பியிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பந்து மைதானத்துக்கு இவானில்டோவைக் கூட்டிவர வேண்டும். சிஸ்டரும் வர வேண்டும்.

ஆள் போன பிறகு இவானில்டோ பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "சிஸ்டர், உங்ககிட்ட மறைக்க முடியல," என்றான். "கண்ண மூடி ஜெபம் பண்றேன். உள்ள ஒண்ணுமே இல்ல. பயம் மட்டும்தான் இருக்கு. மத்தவங்க அழறாங்க, நானும் அழறேன். அவங்க எதுக்கு அழறாங்கன்னு எனக்குத் தெரியல."

"இத யார்கிட்டயும் சொல்லாத," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தெரியாமல் இருந்தால் 'நிஜம்' என்று தைரியமாகச் சொல்லியிருக்கலாம். இப்போது தெரிந்துவிட்டது. இந்தப் பையனுக்கு வாயை அடக்கத் தெரியவில்லையே என்று அவன் மேலேயே கோபம் வந்தது.

ஜந்திராவும் இவானில்டோவும் மைதானத்துக்கு இறங்கி ஏறிப் போகிற வழியில் லிந்தௌராவின் கடை. ஒரு மேஜை, மேலே மக்காச்சோளக் கேக், ஒரு குடை. ஜந்திரா நடையைக் குறைக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். லிந்தௌராவும் தலையை அசைத்தாள். சில வருஷங்களாக அவர்களுக்குள் இருக்கிற பேச்சு அவ்வளவுதான்.

லிந்தௌராவின் மகன் எட்மார். அவனும் படையிலிருந்து ஓடிவந்து கோட்டு மாட்டியவன். நன்றாகப் பாடுவான், சபையில் கிட்டார் வாசிப்பான். ஒருநாள், விசுவாசி தொடவே கூடாத பீர் அவன் கையில் இருந்ததை ஜந்திரா பார்த்துவிட்டாள். மறுநாள் ஜிலோ அவளைக் கூப்பிட்டு, "டீச்சர், அவன் குடிச்சானா?" என்று கேட்டான். ஜிலோ சின்ன வயதில் அவளுடைய ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்தவன். டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். "குடிச்சான்," என்றாள் அவள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சாயங்காலத்துக்குள் எட்மார் இல்லை. அன்றிலிருந்து அவள் வாய்ச்சொல்லுக்குக் குன்றில் தங்கத்தின் மதிப்பு. அவள் கைகாட்டியதால் இன்றைக்கும் உயிரோடு நடமாடுகிற கோட்டுக்காரர்கள் அங்கே பலபேர். ஒருவன் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறான், ஒருவன் ஐஸ் விற்கிறான். அவர்கள் உயிரெல்லாம் அவள் நாக்கில் இருந்தது. அந்த மதிப்பு எதைக் கொடுத்து வாங்கியது என்பது மக்காச்சோளக் கேக் விற்கிறவளுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

மைதானம் சிமெண்டுத் தளம்தான். கோல் கம்பத்தில் வலை கிடையாது. அந்தக் கம்பத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜிலோ உட்கார்ந்திருந்தான். முப்பதைத் தொட்ட வயது, தம்பி செத்ததிலிருந்து சவரம் செய்யாத முகம். துப்பாக்கிகளோடு நாலைந்து பேர் சுவரோரம். சுற்றியிருந்த வீடுகளின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் ஊரே நிற்கிறது என்று ஜந்திராவுக்குத் தெரியும்.

"கர்த்தருடைய சமாதானம், அதெமிர்," என்றாள் அவள். அவனை அவனுடைய சொந்தப் பெயரால் கூப்பிடுகிறவள் குன்றிலேயே அவள் ஒருத்திதான்.

"சமாதானம், டீச்சர். உக்காருங்க." இன்னொரு நாற்காலி வந்தது. அவள் உட்காரவில்லை.

ஜிலோ இவானில்டோவைக் கோட்டிலிருந்து காலணி வரை பார்த்தான். "நல்லா இருக்குடா. யாரோட கல்யாணம்?"

சுவரோரம் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். பல்வரிசை பளபளத்ததால் அவனைத் தங்கப்பல் என்பார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"மேய்ப்பன் சங்கீதம் சொல்லு," என்றான் ஜிலோ.

இவானில்டோ ஆரம்பித்தான். பைபிளை வலது கையால் நெஞ்சோடு அணைத்திருந்தான். விரல் கணுக்கள் வெளுத்துப் போயிருந்தன. முதல் வரி வந்தது, இரண்டாவது வரி வந்தது. மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிற இடத்தில் வரி மறந்து நின்றுவிட்டான். ஜந்திராவின் உதடு அவளை அறியாமல் அசைந்தது. விட்ட இடத்திலிருந்து ஜிலோவே எடுத்து, நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தான்.

"எனக்கு மனப்பாடம்," என்றான். "அதுக்காக நான் இரட்சிக்கப்பட்டவனா? இல்ல. அதனால இத வச்சு நான் முடிவு பண்ணல. உனக்கு நல்ல நேரம்."

இவானில்டோ மூச்சு விட்டான். அந்த நேரம் பார்த்துக் கீழே எங்கேயோ வாணம் வெடித்தது.

ஒன்றுதான் வெடித்தது. கீழே காவல் நின்றவன் ஈர வாணத்தைச் சோதித்துப் பார்த்தானாம். பிறகு அதற்காக உதை வாங்கினான். ஆனால் அந்த நொடியில் அது யாருக்குத் தெரியும்? சுவரோரம் இருந்தவர்கள் குனிந்து துப்பாக்கியைத் திருப்பினார்கள். ஜந்திரா காதைப் பொத்திக்கொண்டாள். பைபிள் சிமெண்டில் விழுந்தது. இவானில்டோவின் வலது கை தானாக எழுந்தது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். கடைசியில் கட்டைவிரலை உதட்டில் வைத்து ஒரு முத்தமும் கொடுத்தது, சொராய்தே சொல்லிக் கொடுத்தபடியே, ஒன்று குறையாமல்.

ரேடியோவில் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று குரல் வந்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். எல்லோர் கண்ணும் அந்தக் கை மேல் இருந்தது.

"பாத்தியாண்ணே," என்றான் தங்கப்பல். "சிஸ்டரோட விசுவாசி சிலுவை போடறான். சபைக்காரன் செத்தாலும் அதச் செய்ய மாட்டான். சரியான வேஷம்."

இவானில்டோ கையைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டான். திருடியவன் மறைப்பதுபோல மறைத்தான்.

ஜிலோ அவனைப் பார்க்கவில்லை. ஜந்திராவைப் பார்த்தான். "டீச்சர். எட்மார் விஷயத்துல நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க. அதுக்கப்புறம் நீங்க யாரக் காட்டி நிஜம்னு சொன்னாலும் நான் அவன் பக்கம் திரும்பினதில்ல. இப்ப இவனச் சொல்லுங்க. ஒரே வார்த்தை. நிஜமா, வேஷமா?"

நிஜம் என்று சொல்ல ஜந்திராவின் வாய் தயாராகவே இருந்தது. சொன்னால் என்ன? ஜிலோ தலையாட்டுவான். ஆனால் கையைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டார்களே. சிஸ்டரும் பொய் சொல்வாள் என்று நாளைக்குக் குன்று முழுக்கத் தெரியும். அப்புறம் மாவு பிசைகிறவனையும் ஐஸ் விற்கிறவனையும் யார் நம்புவார்கள்? தங்கப்பல் ஒவ்வொருவனாகத் தேடிப் போவான். வேஷம் என்று சொன்னால் இவன் இந்தச் சிமெண்டுத் தரையைத் தாண்டப் போவதில்லை. கீழே தகரக் கதவோரம் இவனைப் பெற்றவள் மாலையை உருட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆண்டவரே, ஒருத்தியிடம் இத்தனை பேரைக் கொடுத்தீரே என்று ஜந்திராவுக்கு ஆத்திரமாக வந்தது.

"வேஷம்," என்றாள்.

இவானில்டோ திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தங்கப்பல் அவன் கோட்டுக் காலரைப் பிடித்தான்.

"கைய எடு," என்றாள் ஜந்திரா. "நான் இன்னும் முடிக்கல."

தங்கப்பல் ஜிலோவைப் பார்த்தான். ஜிலோ விரலை அசைத்தான். கை விலகியது.

"அதெமிர், அன்னிக்கு நீ என்னக் கேட்டது ஒரே கேள்வி. குடிச்சானான்னு கேட்ட. குடிச்சான்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அவன விட்டுருன்னு ஒரு வார்த்தை கேக்கல. நீ கேக்கலையேன்னு நானும் சொல்லல. பெரிய உண்மை பேசிட்டதா நெனச்சுக்கிட்டேன். அது பாதிதான். இன்னிக்கு முழுசாச் சொல்றேன். இவன் மனந்திரும்பல. பயந்து வந்தான். காலையில என்கிட்ட அவன் வாயாலயே சொன்னான். இவன விட்டுரு."

"எதுக்கு?"

"நான் கேக்கறேன், அவ்வளவுதான். காரணம் ஒண்ணும் என் கையில இல்ல."

"இவன் தூங்கினான். என் தம்பி செத்தான்."

"ஆமா."

ஜிலோ ரேடியோவை அணைத்துத் தரையில் வைத்தான். சுவரோரம் நின்றவர்களைத் தள்ளிப் போகச் சொன்னான். தங்கப்பல்லுக்கு மனசே இல்லை, மெதுவாகத்தான் போனான்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றான் ஜிலோ. குரல் இறங்கியிருந்தது. "பாஸ்டர்கிட்டக் கேட்டேன். அந்தாளு என் துப்பாக்கியப் பாத்துக்கிட்டே பதில் சொன்னாரு. அத வச்சு நான் என்ன பண்றது? நீங்க இவன் உயிரு போகும்னு தெரிஞ்சும் பொய் சொல்லல. அதனால உங்களக் கேக்கறேன். ரெனான் விழுந்தப்ப பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தன் இருந்தான். வாயெல்லாம் ரத்தம், பேச முடியல. கையத் தூக்கினானாம். நெத்தியில வச்சான், நெஞ்சுல வச்சான், இந்தத் தோளுக்குக் கொண்டு வந்தான். அந்தத் தோளுக்குப் போகல. அதுக்குள்ள முடிஞ்சுது."

ஜந்திரா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா சொல்லிக் கொடுத்தது," என்றான் அவன். "உங்க வகுப்புல நீங்க என்ன சொல்லுவீங்க? சிலுவை போடறதெல்லாம் வெறும் கை வேலை, ஈ ஓட்டற மாதிரின்னு. செஞ்சும் காட்டுவீங்க. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். ரெனான் சிரிச்சுச் சிரிச்சு பெஞ்சிலேருந்து கீழ விழுந்தான். இப்பச் சொல்லுங்க, டீச்சர். அவன் ஈ ஓட்டினானா?"

அவளுக்கு நினைவு இருந்தது. பெஞ்சிலிருந்து விழுந்த அந்தக் குட்டிப் பயலைத் தூக்கி உட்கார வைத்ததும் நினைவு இருந்தது. கத்தோலிக்கரைக் கிண்டல் செய்து பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதில் அந்த வயதில் அவளுக்கு ஒரு பெருமை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கையை ஆட்டிக் காட்டியிருக்கிறாள். இப்போது வெட்கமாக இருந்தது, நெஞ்சு வலிக்கிற வெட்கம்.

"நான் சொன்னது தப்பு, அதெமிர்," என்றாள். "ரெனான் இப்ப எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு எவன் சொன்னாலும் நம்பாத. ஆனா சாகற நேரத்துல எவனும் ஈ ஓட்ட மாட்டான். அவன் கூப்பிட்டிருக்கான். பாதியில நின்னாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதான்."

ஜிலோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்தான். பிறகு இவானில்டோவின் கோட்டுப் பையைப் பார்த்தான். அந்தக் கை இன்னும் உள்ளேயே இருந்தது.

"அப்ப இவனும் கூப்பிட்டான்."

"ஆமா."

"கூப்பிட்டது யாருக்கும் கேக்கலன்னா?"

"உனக்குக் கேட்டுச்சே," என்றாள் ஜந்திரா.

ஜிலோ எழுந்தான். அவளையும் தாண்டி இவானில்டோவின் முன்னால் போய் நின்றான்.

"கோட்டக் கழட்டு."

கொல்வதற்கு முன்னால் கோட்டைக் கழற்றச் சொல்வதுதான் அங்கே முறை. ஆண்டவருடைய உடுப்பில் குண்டு படக் கூடாதாம். அந்த மரியாதையில் மட்டும் குறை வைக்கமாட்டார்கள். இவானில்டோவுக்கும் அது தெரியும். பொத்தான் கழற்ற முடியாமல் விரல் வழுக்கியது. டை, கோட்டு, பிறகு காலணி. கீழே கிடந்த பைபிளை ஜிலோவே குனிந்து எடுத்து, தூசி தட்டி, எல்லாவற்றையும் ஜந்திராவின் மடியில் வைத்தான்.

"இத மாட்டிக்கிட்டுப் போனா நீ இரட்சிக்கப்பட்டவன்," என்றான் இவானில்டோவிடம். "நாளைக்கு எங்கயாவது உக்காந்து பீர் குடிச்சேன்னு கேள்விப்பட்டா நான் உன்னத் தேடி வரணும். அந்த வேலை எனக்கு வேணாம். நீ எப்படி இருக்கியோ அப்படியே போ. இருட்டறதுக்குள்ள குன்றுல இருக்கக் கூடாது. உன் மூஞ்சிய இனிமே நான் பாக்கக் கூடாது. பாத்தா எனக்குத் தம்பி ஞாபகம் வரும்."

இவானில்டோ நகரவில்லை. புரியவில்லை அவனுக்கு.

"போடா," என்றாள் ஜந்திரா. "அம்மா நிக்கறா, போ."

பனியனோடு வெறுங்காலில் அவன் படிக்கட்டில் இறங்கி ஓடினான். அவள் பின்னால் இறங்கி வருவதற்குள் தாயும் மகனும் கீழே வேனில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. நிற்காததே நல்லது என்று அவளுக்குப் பட்டது. உடம்பெல்லாம் லேசாகி, சத்தம் போட்டுப் பாட வேண்டும்போல இருந்தது. ஒரு கையில் கோட்டு, ஒரு கையில் காலணி, கக்கத்தில் பைபிள். அப்படியே வந்துகொண்டிருந்தவள் குடையைப் பார்த்ததும் நின்றாள்.

லிந்தௌரா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். குன்றில் செய்தி மனிதர்களுக்கு முன்னால் இறங்கிவிடும்.

"வேஷம்னு சொல்லிட்டும் கேட்டு வாங்கிட்டீங்களாமே," என்றாள்.

எட்மார் போன பிறகு அவள் ஜந்திராவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். குரலில் சண்டை இல்லை.

"ஆமா, லிந்தௌரா."

"கேட்டாக் குடுப்பான்னு அப்பத் தெரியாதா?"

"தெரியாது. நான் கேட்டே பாக்கல."

லிந்தௌரா கத்தியை மேஜையில் வைத்தாள். "என் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை கேட்டுப் பாத்திருக்கலாம், சிஸ்டர்," என்றாள்.

"கேட்டிருக்கலாம்," என்றாள் ஜந்திரா. அழுகை வந்தது. கை இரண்டும் நிறைந்திருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. லிந்தௌரா அவளைப் பார்க்காமல், கேக்கின் மேல் உட்கார்ந்த ஈயைக் கையால் ஓட்டினாள்.